பிளஸ் ஒன் பாதியில் டி.சி. வாங்கி மகனை ஸ்பெயினுக்குக் கால்பந்து ஆட அனுப்பலாமா?

பெரம்பூர் அப்பா (கேள்வி, 2025)

எல்லோருக்கும் வணக்கம். கால்பந்து தெரிந்தவர்களும், பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியவர்களும் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

எனக்கு ஒரே மகன். வரும் நவம்பரில் 16 முடிகிறது. பத்தாம் வகுப்பில் 500-க்கு 381. இப்போது பிளஸ் ஒன், காமர்ஸ். ஏழு வயதில் வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் பெரிய பையன்கள் ஆடும்போது வெளியே வரும் பந்தை எடுத்துக் கொடுக்கப் போனவன், அப்படியே உள்ளே போய்விட்டான். இடது கால் ஆட்டக்காரன், லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கம் நின்று தடுப்பவன். நான் ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆட்டத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் பந்தை வாங்கியதும் சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் கோவையில் ஒரு போட்டிக்குப் போனான். அங்கே ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறார். பெங்களூரில் ஆபீஸ். ஸ்பெயினில் வலென்சியா பக்கம் ஒரு அகாடமியாம். பத்து மாதத்துக்குத் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, ஸ்பானிஷ் வகுப்பு எல்லாம் சேர்த்து 21 லட்சம், விசா செலவு தனி. ஜனவரியில் அங்கே இருக்க வேண்டுமாம். "16 வயதில் போகாவிட்டால் ஐரோப்பாவில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் சார்" என்கிறார். முன்பணம் மூன்று லட்சத்தைத் தீபாவளிக்குள் கட்டச் சொல்கிறார்.

பள்ளியில் கேட்டால் நடுவில் டி.சி. வாங்கினால் அடுத்த வருடம் அதே இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். மகனோ, "பிளஸ் ஒன்னுக்கு இந்த வருஷத்திலிருந்து பப்ளிக் கூட இல்லைப்பா, என்ன நஷ்டம்?" என்கிறான். ஜூலையில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்களே, அன்றிலிருந்து என் வாயை அடைத்துவிட்டான். "லீக்கே இல்லாத ஊர்ல இருந்து என்ன பண்ணச் சொல்றீங்க?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பணத்துக்கு ஒரே வழி, பொன்னேரி பக்கம் வாங்கிப் போட்ட அரை கிரவுண்ட் மனை. கிரவுண்டை விற்றுக் கிரவுண்டுக்கு அனுப்பப் போகிறீர்களா என்று மனைவி கேட்கிறாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

டி.சி. வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நம்பர் பத்து

அனுப்புங்க சார். திறமை இருக்கிற பையனைக் கணக்குப் புத்தகத்துக்குள் அடைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? பைச்சுங் பூட்டியா 1999-லேயே இங்கிலாந்தில் பரி அணிக்குப் போனார். இஷான் பண்டிதா 16 வயதில் ஸ்பெயினுக்குப் போய், லெகானெஸ் அணியில் கையெழுத்துப் போட்டார். ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லீகாவின் கிளப் ஒன்றில் ஒப்பந்தம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். அவர் வீட்டிலும் உங்களை மாதிரியே யோசித்துக்கொண்டு இருந்திருந்தால்? மனை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், 16 வயது திரும்ப வராது.

டீச்சர் அக்கா

மனையை விற்பது உங்கள் குடும்ப விஷயம், அதில் நான் தலையிட மாட்டேன். டி.சி. பற்றி மட்டும் சொல்கிறேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து பிளஸ் டூவுக்குச் சமமான தேர்வு எழுதலாம். விளையாட்டுப் பிள்ளைகள் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள். ஆனால் தேர்வை நேரில் வந்துதான் எழுத வேண்டும். என் அனுபவத்தில், "பிறகு எழுதிக்கொள்வேன்" என்று போன பத்துப் பிள்ளைகளில் திரும்பி வந்து எழுதியது இரண்டு மூன்று பேர்தான். படிப்பு வராததால் அல்ல. 19 வயதில் மறுபடி நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வெட்கம்.

கடற்கரை லெஃப்ட் விங்

அண்ணே, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரியே பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, இப்போது காலைப் பயிற்சி முடித்துப் பையன்களை அனுப்பிவிட்டு, கிரவுண்ட் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன் போகப் பார்க்கிற வழியில் போய்த் திரும்பியவன் நான். ஊர் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கோயில், ஒரு கடல், ஒரு ஃபுட்பால் கிரவுண்ட் இருக்கும். ஐ.எஸ்.எல். ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் மாவட்டக்காரர்தான். மணலில் ஆடிப் பழகிய கால் என்பதால் எனக்கு வேகம் அதிகம். 2013 செப்டம்பரில், 17 வயதில், பிளஸ் டூவில் மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு டி.சி. வாங்கினேன். அப்போது 9 லட்சம். அப்பா மீன்பிடி வள்ளத்தில் தனக்கிருந்த பங்கைக் கொடுத்தார். அம்மாவின் கையில் இருந்தது கழுத்தில் இருந்தது எல்லாம் பாங்குக்குப் போனது. அகாடமியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம்.

பயிற்சி மோசம் என்று சொன்னால் அது பாவம். அங்கே ஒரு வயதான கோச் இருந்தார். முதல் நாள் பயிற்சியில் என்னைப் பார்த்து "மீரா! மீரா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரடா இந்த மீரா, எந்தப் பெண்ணை இங்கே கூப்பிடுகிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் கைதட்டி, "அதேதான், அதேதான்!" என்றார். ஸ்பானிஷில் மீரா என்றால் 'பார்'. பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் இரண்டு தோளுக்கு மேலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத்தான் அத்தனை நாளும் சொல்லிக்கொடுத்தார். 17 வயது வரை எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. இன்று என் பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு நான் கத்துவதும் அதையேதான். அவர்களும் முதல் நாள் யார் சார் மீரா என்றுதான் கேட்டார்கள்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமைகளில். அங்கே லீக் ஆட ஒரு அட்டை வேண்டும், 'ஃபீச்சா' என்பார்கள். அங்குள்ள கால்பந்து சங்கம் கொடுக்கும் பதிவு. அது இல்லாமல் பக்கத்துத் தெரு அணிக்குக்கூட லீக் ஆட முடியாது. எங்கள் ஃப்ளாட்டில் எட்டுப் பேர். மெக்சிகோ, நைஜீரியா, சீனா, கஜகஸ்தான், நான். திங்கள் முதல் சனி வரை எல்லோரும் ஒரே மாதிரி ஓடுவோம். ஞாயிறு வந்தால் உள்ளூர்ப் பையன்கள் ஆடுவார்கள், நாங்கள் எட்டுப் பேரும் அகாடமி டிராக்சூட் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். கேட்டால் "அடுத்த வாரம் வந்துவிடும்." நவம்பரில் அடுத்த வாரம், ஜனவரியிலும் அடுத்த வாரம். வீட்டுக்குப் போன் பண்ணும்போது அப்பா "இன்னைக்கு எத்தனை கோல்?" என்று கேட்பார். முதலில் ஆட்டம் மழையில் நின்றுவிட்டது என்றேன். பிறகு கோல் கணக்கையே சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நான் அடித்ததாக அப்பா நினைத்துக்கொண்டிருந்த கோல்கள் ஏழு.

விஷயம் என்ன என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 18 வயது முடியாத பையனை வேறு நாட்டு கிளப் பதிவு செய்யக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால் முடியும். எல்லையை ஒட்டி 50 கிலோமீட்டருக்குள் வீடும் கிளப்பும் இருந்தால் முடியும். 16 முதல் 18 வரை என்று ஒன்று உண்டு, அதைத்தான் உங்கள் ஆள் காதில் வாங்கிக்கொண்டு பாதியை உங்களிடம் சொல்கிறார். அது ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு. பெரம்பூரிலிருந்து போகிறவனுக்கு அல்ல. அகதிப் பிள்ளைகள், ஒரு வருடப் பரிமாற்ற மாணவர்கள் என்று வேறு சிலவும் உண்டு. பரிமாற்ற மாணவன் அமெச்சூர் கிளப்பில்தான் ஆடலாம். இங்கிலாந்தில் 2021 ஜனவரிக்குப் பிறகு அந்த 16-18 வழியும் அடைபட்டுவிட்டது.

இதை எனக்கு அகாடமி சொல்லவில்லை. 2014 ஏப்ரலில் மெக்சிகோ பையன் கீழ்க்கடையிலிருந்து ஒரு பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். இதே 19-ஆவது பிரிவை மீறிச் சின்னப் பையன்களைச் சேர்த்ததற்காக பார்சிலோனாவுக்கு இரண்டு டிரான்ஸ்ஃபர் காலத்துக்குப் புது வீரர்களை எடுக்கத் தடை என்று போட்டிருந்தது. பார்சிலோனா! மெஸ்ஸி அப்போது ஆடிக்கொண்டிருந்த பார்சிலோனா. அவர்களாலேயே முடியாததை எங்கள் மூன்றாம் மாடி ஃப்ளாட் அகாடமி முடித்துத் தரும் என்று அத்தனை மாதம் நம்பியிருந்தேன். அந்த விவகாரத்தில் அங்கே ஆட முடியாமல் போன பையன்களில் ஒருவன் ஜப்பானின் டகேஃபுசா குபோ. பத்து வயதில் பார்சிலோனா போனவன், 2015-இல் ஊருக்குத் திரும்பினான். ஜப்பானில் ஆடி, 18 ஆன பிறகு 2019-இல் ரியல் மாட்ரிட் வழியாக மறுபடி ஸ்பெயினுக்கு வந்தான். நம்பர் பத்து தம்பி சொன்ன இஷான் பண்டிதா கதையையும் தேதி போட்டுப் பாருங்கள். அவர் 1998 மே மாதம் பிறந்தவர். லெகானெஸில் கையெழுத்துப் போட்டது 2016-இல், 18 முடிந்தபின்.

எனக்கு 18 ஆனது 2014 மே மாதம். அப்போது சீசன் முடிந்துவிட்டது. அடுத்த சீசனுக்கு இன்னொரு 9 லட்சம் என்றார்கள். கொடுக்க வீட்டில் வள்ளம் இல்லை. ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். அப்பா ஏர்போர்ட்டில் அந்த ஏழு கோல்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது போதும், மேலே எழுத வேண்டாம்.

வந்த பிறகு பட்டதுதான் உங்களுக்கு முக்கியம். நான் ஸ்பெயின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த வருடம், என்னோடு ஆடிய ரைட் பேக் பள்ளி மாநில அணியில் தேர்வாகித் தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போனான். அந்தச் சான்றிதழைப் 'படிவம் 4' என்பார்கள். கல்லூரி, வேலை என்று பல இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது எடுபடும். அவன் 21 வயதில் ரயில்வேயில் சேர்ந்து, அணிக்கும் ஆடினான். என்னிடம் மாவட்ட அளவில் குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி பேப்பர்கள் இரண்டு இருந்தன. பள்ளியை விட்டவனுக்குப் பள்ளி அணி இல்லை, சுப்ரதோ கோப்பை இல்லை, ஒன்றும் இல்லை. 2016 மார்ச்சில் தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதினேன். தேர்வு மையத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னை வாத்தியார் என்று நினைத்து வணக்கம் வைத்தார். நிரந்தர வேலை கிடைத்தபோது எனக்கு 26.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். ஒரு பேனாவை எடுத்துத் தினசரி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இந்த நவம்பரில் 16. அப்படியானால் 18 முடிவது 2027 நவம்பர். அதுவரை ஸ்பெயினில் எந்த கிளப்பும் அவனை நேர்வழியில் பதிவு செய்ய முடியாது. பிளஸ் டூ பொதுத்தேர்வு 2027 மார்ச்சில். தேர்வு முடிந்து எட்டு மாதம் கழித்துத்தான் அந்தக் கதவே திறக்கிறது. பள்ளிக்கூடம் அவன் வழியில் குறுக்கே நிற்கவே இல்லை அண்ணே. இரண்டு வருடத்தை இங்கே ஆடித் தீர்க்கலாம், அல்லது 21 லட்சம் கொடுத்து அங்கே உட்கார்ந்து தீர்க்கலாம். நான் உட்கார்ந்து தீர்த்தவன்.

அந்த பெங்களூர் ஆளிடம் ஃபிஃபா ஏஜென்ட் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். 2023 முதல் தேர்வு எழுதிப் பாஸ் செய்தவர்களுக்குத்தான் லைசென்ஸ். பெயரைப் போட்டால் ஃபிஃபா தளத்தில் வந்துவிடும். 18-க்குக் கீழ் உள்ளவர்களிடம் பேச இன்னொரு படிப்பும் முடித்திருக்க வேண்டும், அதுவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு, அந்த நாட்டில் முதல் ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் அணுகலாம். அப்புறம் ஃபீச்சா எந்த கிளப்பின் பெயரில் வரும், எந்த விதிவிலக்கின் கீழ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் சொல்வது வேண்டாம், மெயிலில். விசாவில் என்ன எழுதுவார்கள் என்றும் கேளுங்கள். என் விசாவில் நான் ஸ்பானிஷ் மொழி படிக்கும் மாணவன். கால்பந்து என்ற சொல்லே அதில் இல்லை.

டோர்ட்முண்ட் மாமா

தம்பி கடற்கரை எழுதினதை வாசிச்சு முடிச்சுப்போட்டு இதை எழுதுறன். நான் 30 வருசத்துக்கு மேல ஜெர்மனியில் இருக்கிறன். என்ர அக்காவின் மகன் 11 வயசிலிருந்து இங்க ஒரு பெரிய கிளப்பின் இளையோர் பிரிவில் விளையாடினவன். ஒரு விசயம் மட்டும் சொல்ல வேணும்.

படிப்பை விட்டால்தான் ஐரோப்பாவில் பந்து விளையாடலாம் என்று யார் சொன்னது? 2000 ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறின பிறகு, பெரிய கிளப்புகள் எல்லாம் இளையோர் பயிற்சி நிலையம் வைத்தே ஆக வேணும் என்று கட்டாயமாக்கினவை. பள்ளிக்கூடத்தோட இணைந்து நடக்க வேணும் என்பதும் அதோட சேர்ந்து வந்தது. மருமகன் காலையில் பயிற்சிக்குப் போய், அங்கிருந்து கிளப்பின்ர வான் வண்டியில் பள்ளிக்கூடம் போய், பின்னேரம் திரும்பப் பயிற்சிக்குப் போவான். பள்ளிக்கூட ரிப்போர்ட் வந்தால் எங்களுக்கு முன்னமே கோச் பாப்பார். கணிதத்தில் ஒருமுறை கீழ போனதுக்கு இரண்டு கிழமை மேட்சுக்கு எடுக்கேல்லை. அக்கா அழுதா, அத்தார் மட்டும் சந்தோசப்பட்டார்.

16 வயசில் கிளப்காரர் அவனை வேண்டாம் என்று விட்டிட்டினம். கடிதம் ஒரு பக்கம்தான். அவன்ர வயசுப் பிரிவில் இருந்தவையில் முக்கால்வாசிப் பேருக்கு அதே கடிதம். இப்ப அவன் மின்சார வேலைக்குத் தொழிற்பயிற்சி முடிச்சு, சனி ஞாயிறில் ஊர் அணிக்கு விளையாடுறான். இங்க பிறந்து, இங்கத்தைய பாஸ்போர்ட் வைச்சிருந்த பிள்ளைக்கே நிலைமை இது. இங்கத்தைய பயிற்சி நிலையங்கள் பிள்ளையிட்ட காசு கேக்கிறதில்லை. காசு கேட்டால் அது வேற வியாபாரம்.

நம்பர் பத்து

சரி, பண்டிதா தேதியைப் பார்த்தேன், கடற்கரை அண்ணன் சொன்னது சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு வருடம் இங்கே எங்கே ஆடுவான்? அந்தப் பையன் கேட்டதில் நியாயம் இருக்கிறதல்லவா?

கடற்கரை லெஃப்ட் விங்

இருக்கிறது தம்பி, முழு நியாயம் இருக்கிறது. பெரியவர்கள் லீக் நிற்பதை நான் பூசி மெழுக மாட்டேன். ஒப்பந்தம் இருந்தும் ஆட்டம் இல்லாமல் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 16 வயதுக்காரனுக்கு இப்போது ஐ.எஸ்.எல். தேவையில்லை, வருடத்துக்கு முப்பது கடினமான ஆட்டம் தேவை. பள்ளி அணி, மாவட்டம், சென்னை லீக்கில் ஏதாவது ஒரு டிவிஷன், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் இளையோர் லீகுகள் என்று சேர்த்தால் அந்த எண்ணிக்கை வரும். வளர்ந்த ஆட்களோடு மோதட்டும். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற முப்பது வயது ரைட் விங்கர் ஒருவரை அவன் ஒருமுறை நிறுத்திக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

இன்னொன்று, அண்ணே. சம்மேளனத்தின் வீரர் பதிவேடான சி.ஆர்.எஸ்.-இல் உங்கள் மகன் பெயர் எந்த கிளப்பில் இருக்கிறது என்று பாருங்கள். 12 வயதிலிருந்து யார் பயிற்சி கொடுத்தார்கள் என்பது அதில் ஏறியிருக்க வேண்டும். நாளைக்கு அவன் உண்மையாகவே வெளிநாட்டில் ஒப்பந்தம் போட்டால், வளர்த்த கிளப்புக்கு ஃபிஃபா விதிப்படி பயிற்சி இழப்பீடு வரும். பந்து வாங்கக் காசில்லாத கிரவுண்டுக்கு அது பெரிய காரியம். பலபேர் பதிவே செய்யாமல் அதை விட்டுவிடுகிறார்கள்.

பெரம்பூர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. கடற்கரை தம்பி, உங்கள் பதிவை மகனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பெங்களூர்க்காரரிடம் நீங்கள் சொன்னபடி கேட்டேன். லைசென்ஸ் எண்ணா? "நான் ஏஜென்ட் இல்லை சார், கன்சல்டன்ட்." ஃபீச்சா? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்கிறார்கள்?" அதற்கப்புறம் சொன்னதுதான் வேடிக்கை. எனக்கும் அங்கே ஒரு ரெஸ்டாரன்டில் சமையல்காரர் வேலை என்று கடிதம் வாங்கித் தருவாராம். அப்பா வேலைக்காகக் குடிபெயர்ந்தார், மகன் கூடவே வந்தான் என்று காட்டினால் பதிவு நடந்துவிடுமாம். அதற்குக் கூடுதலாக நாலு லட்சம். இது நடக்கிற காரியமா?

கடற்கரை லெஃப்ட் விங்

அண்ணே, நான் சொன்ன முதல் விதிவிலக்கைத்தான் அவர் விலைக்கு விற்கிறார். அந்த மாதிரி விண்ணப்பம் போனால் ஃபிஃபா வேலை ஒப்பந்தம், குடியிருப்பு ஆவணம், குடிபெயர்ந்த காரணம் எல்லாவற்றையும் கேட்கும். பெங்களூரில் டைப் அடித்த கடிதத்தை வைத்துக்கொண்டு விசா கவுன்டரில் மாட்டினால், அவன் 18 வயதில் நேர்வழியில் போகும்போது அந்தப் பழைய பேப்பர் முன்னால் வந்து நிற்கும். அது சரி, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?

பெரம்பூர் அப்பா

வெந்நீர் நன்றாக வைப்பேன்.

கடற்கரை லெஃப்ட் விங்

அதுவும் இந்தியன் ரெஸ்டாரன்டில் தேவைப்படும்தான். விளையாட்டு போகட்டும், நானும் இப்போது சென்னையில்தான், பையனைச் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கூட்டி வாருங்கள். இடத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். என் பெரிய பையன்களோடு ஒரு ஆட்டம் ஆடட்டும். நல்லவனா இல்லையா என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன், முகத்துக்காகப் பேச மாட்டேன். ஸ்டட்ஸ் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எங்களிடம் 8-ஆம் நம்பரில் இரண்டு ஜோடி இருக்கிறது.

பெரம்பூர் அப்பா

மூன்று வாரம் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா. பணம் கட்டவில்லை. டி.சி.யும் வாங்கவில்லை.

சனிக்கிழமை போனோம். முதல் பாதியில் அவனைத் தாண்டி மூன்று முறை பந்து போனது, அவன் பக்கத்திலிருந்தே ஒரு கோல். இரண்டாம் பாதியில் நம்ம தம்பி லைனுக்கு வெளியே அவன் கூடவே ஓடி ஓடி மீரா, மீரா என்று கத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "கால் இருக்கு அண்ணே, கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது, ஆறு மாசம் கொடுங்க" என்றார். மகன் அந்தப் பேச்சை எங்களுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. மூலக்கடை தாண்டியதும், "அடுத்த சனிக்கிழமையும் போலாமா?" என்றான். இப்போது செவ்வாய், வியாழன், சனி போகிறான். வெளிநாடு பேச்சை விட்டுவிட்டானா என்றால் இல்லை. அவன் அறையில் 2027 நவம்பர் என்று சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். அரையாண்டில் அக்கவுண்டன்சிதான் உதைக்கும் போலிருக்கிறது, டியூஷனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கன்சல்டன்ட் விடவில்லை. தீபாவளி முடிந்த மறுநாள் கூப்பிட்டு 17 லட்சம் என்றார். நேற்று 14. பொங்கல் வரை பொறுங்கள், அவரே நமக்குக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார் என்கிறாள் மனைவி.